கழுவக் கூடாத பஞ்சு

டிராம்பே பக்கம் ஓர் உரத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் அம்மோனியாவை அளந்தவன் நான். அது கசிந்தால் யார் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்ற நடைமுறைக் குறிப்பும் நான் எழுதியதுதான். ஆகவே, முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டோடு இருந்த மனைவி மீன்தொட்டி கேட்டபோது, முறைப்படிதான் செய்வேன் என்றேன்.

மீனின் கழிவிலிருந்து வருவது அம்மோனியா. அது மீனுக்கே நஞ்சு. அதைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள் முதலில் தொட்டியில் குடியேற வேண்டும். ஒரு மாதம் பிடிக்கும். அதுவரை வெறும் தொட்டியில் நானே சொட்டுச் சொட்டாக அம்மோனியா விட்டு, தினமும் சிறு குப்பியில் தண்ணீர் எடுத்து மருந்து கலந்து நிறம் பார்த்தேன். பச்சை என்றால் அம்மோனியா இருக்கிறது, மஞ்சள் என்றால் இல்லை.

எங்கள் செம்பூர் வீட்டுக்கு வந்தவர்கள் மீன் எங்கே என்று கேட்டார்கள்.

"இவர் தண்ணி வளக்கறார்," என்றாள் மனைவி.

இரண்டாம் வாரம் அவள் பொறுமை தீர்ந்தது. கைத்தடியோடு முதல்முறையாகத் தனியே மாட்டுங்கா கடைத்தெருவுக்குப் போனவள், ஒரு சிவப்பு ஃபைட்டர் மீனோடு திரும்பி, நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அதைத் தொட்டியில் விட்டுவிட்டாள்.

மறுநாள் மீன் அடியில் படுத்துவிட்டது. குப்பியில் பச்சை.

"பச்சை நல்ல நிறம்தானே, ஏன்னா?"

இல்லை என்றேன். அவள் தொட்டி முன் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இந்த மீன் செத்தால் அவள் மறுபடி வாசலைத் தாண்டமாட்டாள் என்று எனக்குப் பட்டது.

பாதித் தண்ணீரை மாற்றினேன். குளோரின் போக ஒருநாள் வாளியில் திறந்து வைத்திருந்த தண்ணீர். குழாய்த் தண்ணீரின் குளோரின் நுண்ணுயிரைக் கொல்லும் என்பது எனக்குத் தெரியாதா? பிறகு கீழ்த்தளத்து பாய் வீட்டுக்குப் போனேன். திருநெல்வேலிக்காரர், தாராவியில் தோல்பைப் பட்டறை, வீட்டில் நான்கு மீன்தொட்டிகள். தம் தொட்டியின் வடிகட்டியிலிருந்த கறுத்துப்போன பஞ்சைப் பாதியாக வெட்டிக் கொடுத்தார்.

"உசுரு பூரா இதுலதான் சார் இருக்கு. அப்படியே போட்டுருங்க."

கொத்தமல்லிக் கட்டோ பால் பாக்கெட்டோ, வெளியிலிருந்து எது வந்தாலும் குழாயில் காட்டிவிட்டு உள்ளே வைக்கும் வீடு எங்களுடையது. கை தானாகச் சமையலறைக் குழாயைத் திறந்தது. கறுப்புத் தண்ணீர் நிற்கும்வரை பஞ்சை அலசிப் பிழிந்து, திருப்தியோடு தொட்டியில் வைத்தேன்.

இரண்டு நாள் கழித்தும் பச்சைதான். பாய் மேலே வந்து பார்த்தார்.

"என்ன சார், புதுசு கணக்கா மின்னுது? கழுவிட்டியளோ?"

"ஒரே அழுக்கா இருந்தது, பாய்."

"அந்த அழுக்குக்குத்தான சார் வந்திய!"

மனைவி திரும்பினாள். "உறைமோர் வாங்கிண்டு வந்து, அதைக் கழுவிக் கொட்டிட்டு, வெறும் கிண்ணத்தைப் பால்லே வெச்சேளாக்கும்."

முப்பது ஆண்டுகளில் என் தவறு எதைப் பற்றியும் யாரும் இவ்வளவு சுருக்கமாக அறிக்கை எழுதியதில்லை.

பஞ்சின் மிச்சப் பாதியைத் தம் தொட்டித் தண்ணீரோடு ஒரு பையில் போட்டு பாயே கொண்டுவந்தார். அது தொட்டிக்குள் இறங்கும்வரை மனைவி தடியைக் குறுக்கே நீட்டிச் சமையலறை வாசலை மறித்து நின்றாள்.

தினமும் கால்வாசித் தண்ணீர் மாற்றினேன். ஒரு வாரத்தில் பச்சை வெளுத்தது. பத்தாம் நாள் மஞ்சள். மீன் மேலே வந்து இரை தின்றது.

குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நிறம் ஒண்ணும் சொல்லிக்கற மாதிரி இல்லே," என்றாள். பிறகு தடியை எடுத்துக்கொண்டு, மீனுக்கு இரை வாங்க மாட்டுங்காவுக்குக் கிளம்பினாள்.