மஞ்சள் பாக்கெட்

அந்தத் துணிக்கடையில் அவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வாங்கின உடுப்பை ஆளுக்குத் தகுந்தபடி பிரித்துத் தைத்துக் கொடுப்பது அவள் வேலை. ஆனாலும் பெயர் கையால் வந்ததா வாயால் வந்ததா என்று கேட்டால் பாதிப்பேர் வாயைத்தான் சொல்வார்கள். மனதில் பட்டதை மென்று விழுங்கத் தெரியாத பிறவி.

கணவன் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் பாதி நாள் வெளியூர். வீட்டில் அவளும் நாத்தனாரும்தான். நாத்தனாருக்குத் தையல் பழக்கி, மேலாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி, தான் இருக்கும் மூன்றாம் மாடியிலேயே விற்பனை வேலையும் வாங்கிக் கொடுத்தது இவள்தான். அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை.

கடைப் பெண்களுக்குச் சாம்பல் நிற ஓவர்கோட். போன வருஷம் புதிதாகக் கொடுத்ததில் பாக்கெட்டே இல்லை. பாக்கெட் இருந்தால் கை சும்மா இருக்காது என்று முதலாளிக்கு யாரோ ஓதியிருக்கிறார்கள். எவ்வளவு நாசூக்காகத் திருட்டுப் பட்டம் கட்டியிருக்கிறார்கள் பாருங்கள். கைக்குட்டை முதல் மாத்திரை வரை கீழ்த்தளத்துப் பெட்டியில்தான் இருக்க வேண்டும். நாத்தனாருக்கோ இழுப்பு உண்டு. துணித் தூசியில் ஒரு மதியம் மூச்சு முட்டி, இன்ஹேலரை எடுக்க இறங்கி ஓடியவள் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம் பாரித்துக் கிடந்தவளைப் பார்த்த ஊசியக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அடுத்த கூட்டத்தில் மேலாளர் வழக்கம்போல, மனம் விட்டுப் பேசுங்கள் என்றார். இவள் நிஜமாகவே பேசிவிட்டாள். மருந்து வைத்துக்கொள்ள ஒரே ஒரு பாக்கெட் கேட்டாள். உடுப்புதான் கடையின் முகம், அதில் ஆளாளுக்குக் கை வைக்க முடியாது என்று அவர் சிரித்துக்கொண்டே முடித்துவிட்டார். மனம் விட்டுப் பேசச் சொன்ன வாய்க்கு அன்றோடு இவள் வாயாடி ஆகிப்போனாள்.

யோசனையைச் சொன்னது நாத்தனார். சாப்பாட்டு அறையில், எல்லோர் காதிலும் விழும்படியே சொன்னாள்.

“பேசினாத்தான் காதுல ஏற மாட்டேங்குதே அண்ணி. ஆளுக்கொரு கலர்ல பாக்கெட் வச்சுக்கிட்டு வந்து நிப்போம். மொத்த மாடியையும் வீட்டுக்கு அனுப்பிடுவாங்களா?”

எல்லோரும் தலையாட்டினார்கள். பில் போடுகிறவள் சிவப்பு கேட்டாள். திரைச்சீலைப் பிரிவுக்காரி பூப்போட்டதுதான் வேண்டும் என்று அடம்பிடித்தாள். எல்லோருடைய கோட்டையும் வீட்டுக்கு வாங்கி வந்து, விடுமுறை நாள் முழுக்க ஊசியக்கா மெஷினில் குனிந்திருந்தாள். மருந்தின் கனத்துக்குக் கிழியக் கூடாதென்று ஒவ்வொரு பாக்கெட் மூலையிலும் சின்ன முக்கோணமாக அழுத்தித் தைத்தாள். தனக்கு மஞ்சள். அண்ணியுடையதைத் தவிர மற்றக் கோட்டுகளை நாத்தனார் மூட்டையாகக் கட்டிக்கொண்டாள். கடைக்குப் பக்கத்தில் இருக்கும் தோழி வீட்டில் தங்கி, காலையில் முதல் ஆளாகப் போய்க் கொடுத்துவிடுகிறேன் என்று கிளம்பினாள். பொறுப்பு வந்துவிட்டதே என்று அண்ணிக்குப் பூரிப்பு வேறு.

மறுநாள் ஊசியக்கா நெஞ்சில் மஞ்சளோடு மாடி ஏறினாள். மாடியில் மற்ற எல்லோரும் வெறும் சாம்பல் நிறத்தில் நின்றார்கள். ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பில் போடுகிறவளின் கோட்டை இழுத்துப் பிடித்துப் பார்த்தாள். பாக்கெட் இருந்த இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. மூலையில் அந்த முக்கோணம்கூட. காலையில் கையில் வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது, போட்டுக்கொள்ளச் சொன்னார்கள் என்று அவள் முனகினாள்.

ஊசியக்கா துளைகளைத் தடவிப் பார்த்தாள். அவசரத்தில் பிரித்தால் துணி பிய்யும், நூல் துணுக்கு நிற்கும். இங்கே ஒரு இழைகூட இழுபடவில்லை. உள்பக்கமிருந்து மூன்று தையலுக்கு ஒன்றாக அறுத்து, அடி நூலை உருவி எடுத்த வேலை. அப்படிப் பிரிக்கக் கற்றுக் கொடுத்தது அவளேதான்.

மேலாளர் வந்தார். பின்னாலேயே நாத்தனார், நெஞ்சில் ‘மாடிப் பொறுப்பாளர்’ என்ற புது வில்லையோடு. மஞ்சளை எடுத்தால் வேலை, இல்லாவிட்டால் கணக்கு முடித்துக்கொள்ளலாம் என்றார் அவர். என் கையால் எடுக்க மாட்டேன் என்றாள் ஊசியக்கா. அவர் நாத்தனாரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

நாத்தனார் பிளேடோடு கிட்டே வந்தாள்.

“பொறுப்பாளருக்குத் தனியா மேசை உண்டாம் அண்ணி. டிராயர்ல மருந்து வச்சுக்கலாம்னு சொன்னாரு. எனக்கு வேற வழி தெரியல.”

“பேசாம பிரி. துணி கிழியாம பிரி.”

அடித்தையல் விட்டதும் பாக்கெட்டுக்குள் இருந்து ஒரு பொருள் நாத்தனாரின் உள்ளங்கையில் விழுந்தது. நீல இன்ஹேலர். ஊசியக்காவுக்கு இழுப்பும் இல்லை, இருமலும் இல்லை.

“நீ மறந்துட்டு வந்தாலும் என்கிட்ட ஒண்ணு இருக்கட்டும்னு வாங்கி வச்சேன். டிராயர்ல போட்டுக்கோ.”

ஊசியக்காவுக்கு அழுகையை விட ஆத்திரம்தான் அதிகம். ஊரே கைவிட்டிருந்தால் திட்டித் தீர்த்திருப்பாள். இதற்குத் திட்டு வரவில்லை. போய் மெஷினில் உட்கார்ந்து, யாருடைய கால்சட்டையையோ மடித்துத் தைத்தாள்.

சாயங்காலம் இருவருக்கும் ஒரே வீடு, ஒரே பஸ். நாத்தனார் ஏறியதும் எப்போதும்போல அண்ணியின் இருக்கையைத் தேடி வந்தாள். ஊசியக்கா பக்கத்து இடத்தில் கைப்பையை வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.