கப்பிச் சக்கரத்துக்கு ஒரு பொட்டு

கணபதி வட்டாரத்தில் ஒரு வதந்தி. மோகனப்பிரியா இரும்புக்கு வைத்தியம் பார்க்கிறாளாம். சாய்குமாரின் வார்ப்படப் பட்டறையில் அதற்கு ஜன்னி வரவழைத்து, பொட்டையும் அழித்துவிட்டாளாம். விசாரித்ததில் முக்கால்வாசி உண்மை. ஜன்னி மட்டும் இல்லை, வெறும் குளிர்.

இரும்பை வெட்டாமல், உடைக்காமல் பலம் பார்ப்பது அவள் தொழில். மெஷினால் சின்ன உருண்டை ஒன்றை இரும்பின்மேல் அழுத்துவாள். எவ்வளவு பாரத்துக்கு எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதை வைத்தே பலத்தையும், உடையாமல் தாங்கும் தன்மையையும் கணக்குப் போட்டுவிடுவாள். கடுகளவு குழி விழும். அதை வாடிக்கையாளர்கள் புதுக் காரில் விழுந்த கீறல் மாதிரி தடவித் தடவிப் பார்ப்பார்கள்.

சாய்குமார் வார்த்திருந்தது வடக்கே பனிமலைக்குப் போகிற கிரேனின் கப்பிச் சக்கரம். கூடவே வார்த்த சோதனைத் துண்டை யாரோ பழைய இரும்பென்று உலையில் போட்டுவிட்டார்கள். சக்கரத்தை வெட்ட முடியாது. மோகனப்பிரியா கையெழுத்துப் போட்டால்தான் லாரி கிளம்பும். தப்பாகப் போட்டால், பனியில் அது யார் தலைமேலாவது உடையும்.

சக்கரத்தில் நாலு இடத்தைக் கண்ணாடியாகத் தேய்த்தாள். வெயில் சூட்டில் ஒன்றைச் சோதித்துவிட்டு டீ குடிக்கப் போனாள். திரும்பினால், மீதி மூன்றிலும் சந்தனம், குங்குமம். சாய்குமாரின் அம்மா ராமாமணியின் கைவரிசை.

"பொட்டு வெக்கத்தான இப்படி வட்டமாத் தேச்சு வெச்சிருக்கற கண்ணு?"

"ஆமாங்கம்மா" என்றாள் மோகனப்பிரியா. மரியாதை அப்படி. துப்பட்டா நுனியால் பட்டும் படாமல் ஒற்றிவிட்டு, பனிமலைக் குளிர் வரும்படி, உருகாமல் ஆவியாகிற டிரை ஐஸ் கட்டி வைத்துக் குளிரவிட்டு அழுத்தினாள். வெயிலில் இருந்ததைவிடக் குளிரில் இரும்பு இளகிவிட்டதாக மெஷின் சொன்னது.

"ஏனுங்க அம்மணி, குளிர்ல குச்சி ஐசே கெட்டியாகுதுங்களே" என்றார் சாய்குமார்.

குளிரில் இரும்பு இறுகத்தான் செய்யும். இறுகி, பொறுமையிழந்து, பட்டென்று உடைவதுதான் பயமே. இளகாது. உருண்டைக்கும் இரும்புக்கும் நடுவே சந்தனம் உட்கார்ந்திருந்தது. மோகனப்பிரியா மரியாதையை ஓரமாக வைத்தாள்.

"பொட்டை அழிச்சாத்தானுங்க ஆகும்."

செவ்வாய்க்கிழமை வேறு. டிரை ஐஸ் எப்படியும் ஆவியாகும்தான். ராமாமணி பார்த்த பார்வையில் கொஞ்சம் வேகமாக ஆனது.

"பொட்டை அழிச்சு அனுப்பற வழக்கம் எந்த ஊட்ல இருக்குது?"

"டெஸ்ட் முடிஞ்சொடனே நானே வெச்சுடறேனுங்கம்மா. சத்தியமா."

தேய்த்தாள், குளிரவைத்தாள், அழுத்தினாள். எண்கள் ஒழுங்காக வந்தன, பனியிலும் தாங்கும். கையெழுத்தின் மை காய்வதற்குள், ராகுகாலத்துக்கு முன்னால் கிளம்பணும் என்று சாய்குமார் லாரியை விரட்டிவிட்டார். குங்குமச் சிமிழோடு அவள் வாசலுக்கு ஓடியபோது புழுதிதான் நின்றது.

ராமாமணி இப்போதும் எங்கே பார்த்தாலும், கல்யாண மண்டபமானாலும் சரி, காய்கறிக் கடையானாலும் சரி, கேட்பது ஒன்றுதான்.

"அந்தப் பொட்டு என்னாச்சு கண்ணு?"

"வெச்சுப்போடறேனுங்கம்மா."

சக்கரம் பனிமலையில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பொட்டு பாக்கி.