வேண்டுதல் இல்லாமல் ஒரு மலை

அந்தக் கார் சாலையோரம் வந்து நின்றபோது நாங்கள் உப்பு அம்பாரத்தின் நிழலில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தோம். சனி, ஞாயிறு வந்துவிட்டால் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிற கார்கள் மரக்காணத்தை நெருங்கும்போது இப்படித்தான் வேகம் குறையும். வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கிற உப்பைக் கண்டதும் கண்ணாடி இறங்கும், பிறகு ஆட்கள் இறங்குவார்கள், போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அன்று இறங்கிய அம்மாள் பெரிய தொப்பி போட்டிருந்தார். என் ஓரகத்தியை, அதாவது என் கணவரின் அண்ணன் மனைவியை, தலையில் கூடையோடு அம்பாரத்துக்கு முன்னால் நிற்கச் சொல்லி ஒரு படம் எடுத்தார். கிளம்பும்போது, ஏதாவது பேச வேண்டுமே என்பதற்காகத்தான் இருக்கும், "நீங்க லீவுக்கு எங்க போவீங்க?" என்று கேட்டார். கார் போன பிறகும் என் ஓரகத்தி கூடையை இறக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போது அந்தக் கேள்வியையே எடுத்தாள். நாம் பாடுபடுகிற இடத்தைப் பார்க்க அவர்கள் லீவு போட்டுவிட்டு வருகிறார்கள், நாம் எதைப் பார்க்கப் போயிருக்கிறோம் என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தால் அவளும் பல ஊருக்குப் போனவள்தான். நிலத்துப் பத்திரத்துக்காக வானூர் ஆபீசுக்கு நடையாய் நடந்திருக்கிறாள். இரும்பைக் கோயிலில் சொந்தக்காரர் கல்யாணம் என்று போயிருக்கிறாள். அக்கா மகள் பிள்ளை பெற்றபோது குயிலாப்பாளையத்தில் ஒரு வாரம் தங்கிக் கஞ்சி வைத்துக் கொடுத்திருக்கிறாள். புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் மாமனாருக்குத் துணையாகத் தரையில் படுத்திருக்கிறாள். காரியம் இல்லாமல் ஒருநாளும் பஸ் ஏறியதில்லை. தெரு முனைக்கு வந்ததும், யாரிடமோ திருடியதை ஒத்துக்கொள்வதுபோல, "எனக்கு ஒரு மலைய பாக்கணும்டி" என்றாள். எங்கள் பக்கத்தில் மலை ஏது? அவள் வாழ்நாளில் ஏறிய உயரமெல்லாம் உப்பு அம்பாரம்தான்.

நான் விடுவேனா? ஏற்காட்டுக்குப் போகலாம், திண்டிவனம் போனால் சேலம் பஸ் கிடைக்கும் என்று அன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன். அவளும் அன்றைக்கே சாக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். உப்பு விளைகிற காலத்தில் எப்படி வேலையை விட்டுவிட்டு வருவது என்றாள். சரி, மழைக்காலத்தில் உப்பளம் தண்ணீரில் மூழ்கிக் கிடக்குமே, அப்போது போகலாம் என்றேன். மழையில் வேலையே இல்லாமல் அடுப்பு எரியவே வழியைக் காணோம், அப்போது ஊர் சுற்றினால் உருப்படுமா என்றாள். ஆக, வெயில் அடித்தாலும் முடியாது, மழை பெய்தாலும் முடியாது. மாசியும் இல்லை, ஐப்பசியும் இல்லை என்றால் இவளுக்காகப் புதிதாக ஒரு மாதத்தையா உண்டாக்க முடியும்? எனக்கு எரிச்சலாக வந்தது. பிறகு ஆடுகள் சாக்காக வந்தன. அவள் கையால் தழை வைத்தால்தான் அவை வாய் வைக்குமாம். பிறகு அவள் வீட்டுக்காரர் வந்தார். அவருக்கு ஒரு டீ போடத் தெரியாதாம், உப்பளத்தில் பாதி வயதைக் கழித்த மனுஷனுக்குச் சமையற்கட்டில் உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியாதாம். ரெண்டு நாளில் ஆடும் சாகாது, ஆளும் சாகமாட்டார் என்று நான் கத்தினேன்.

எல்லாச் சாக்கும் தீர்ந்துபோன ஒரு நாள் உண்மையான சாக்கு வெளியே வந்தது. எங்கே போகிறாய், என்ன விசேஷம் என்று கேட்பார்களே, என்ன பதில் சொல்வது என்றாள். எங்கள் ஊரில் ஒரு பெண் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றால், கல்யாணமா, சாவா, காதுகுத்தா, ஆஸ்பத்திரியா என்று நாலு பேர் கேட்காமல் விடமாட்டார்கள். இருட்டியதும் ஆம்பிளைகள் எங்கே போகிறார்கள் என்று மட்டும் எவரும் விசேஷம் கேட்பதில்லை. காசுகூட அவளுக்குப் பெரிய தடையாக இல்லை, சீட்டுப் பணம் எடுத்து வைத்திருந்தாள். அந்த ஒரு கேள்விக்குத்தான் அவள் பயந்தாள்.

லீவு கேட்க வேண்டியது மேஸ்திரியிடம். நல்ல மனுஷர், ஆனால் லீவு என்ற சொல்லே அவருக்கு ஆகாது. சொந்த மகள் கல்யாணத்தன்று மத்தியானமே பட்டுவேட்டியோடு அளத்துக்கு வந்து தண்ணீர் சரியாகப் பாய்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனவர். ரெண்டு நாள் ஊருக்குப் போய்விட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னால் போதும் என்று வழியெல்லாம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்துக் கூட்டிப்போனேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "என்னம்மா விசேஷம்?" என்றார். அவள் வாயிலிருந்து தன்னால் வந்தது அந்த வார்த்தை: "வேண்டுதலுங்க."

அவ்வளவுதான், மேஸ்திரி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் சுற்றிக்கொண்டார். எந்தச் சாமிக்கு என்று கேட்டார். மலைமேல் இருக்கிற சாமிக்கு என்றாள். மலை என்று ஒன்று இருந்தால் அதன் உச்சியில் சாமி இல்லாமலா போகும்? போய்விட்டு வா, துணைக்கு இவளையும் கூட்டிக்கொள் என்று எனக்கும் சேர்த்து உத்தரவு கிடைத்தது. நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன், அவளோ முகம் வெளிறி நின்றாள். மறுநாள் என் சிரிப்பும் அடங்கிவிட்டது. விஷயம் அளம் முழுக்கப் பரவி, மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்துகொண்டு ஒவ்வொருத்தியாக வந்தாள். ஒருத்திக்கு மகள் வயிற்றில் பிள்ளை தங்க வேண்டும். ஒருத்திக்கு மகனுக்கு வெளிநாட்டு வேலை அமைய வேண்டும். இன்னொருத்திக்கு மாமியார் வாய் கொஞ்சம் அடங்கினால் போதும். கடைசியாக மேஸ்திரியும் ஒரு முடிப்பு கொண்டுவந்தார், வேண்டுதல் என்னவென்று சொல்லவில்லை. ஓய்வெடுக்கப் புறப்பட்டவளின் பையில் ஊரின் கவலையெல்லாம் ஏறிக்கொண்டது.

ஏற்காட்டில் முதல் நாள் முழுக்க அந்தக் கவலைகளுக்கே போயிற்று. மலையுச்சியில் குனிந்து நுழைகிற குகைக்குள் கோயில். ஒவ்வொரு முடிப்பாக அவிழ்த்து, அவரவர் பெயரைச் சொல்லி, அவரவர் குறையைச் சொல்லி, அவள் வெளியே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. ஏரியைப் பார்க்கவில்லை, எதையும் பார்க்கவில்லை. மறுநாள் மத்தியானம் பஸ். வந்தது மலையைப் பார்க்கவா, மூட்டை தூக்கவா என்று நான் சத்தம் போட்டேன். நம்பிக் கொடுத்ததைச் செய்யாமல் எப்படி உட்காருவது என்று அமைதியாகக் கேட்டுவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் டீ குடித்துவிட்டு, காப்பித் தோட்டத்தை ஒட்டிய சரிவில் ஒரு பாறையாகப் பார்த்து உட்கார்ந்தவள், எழுந்திருக்கவே இல்லை. கீழே மேகம் கிடந்தது. அது விலக விலக மரமும் தோட்டமும் தெரிந்தன, மறுபடி மூடிக்கொண்டது. நான்தான் பத்து நிமிஷத்தில் எழுந்து அங்கும் இங்கும் நடந்தேன். என்ன வாங்குவது, யாருக்கு என்ன கொண்டுபோவது என்று என் மனம் ஓடியது. சாக்கெல்லாம் சொன்னவள் அவள், சும்மா உட்காரத் தெரியாதவள் நான். திரும்பி வந்து பார்த்தபோது செருப்பைக் கழற்றிவிட்டு ஈரப் புல்லில் கால் நீட்டியிருந்தாள். வருஷக்கணக்காக உப்புத் தண்ணீரில் ஊறி வெடித்த பாதங்கள். எங்கள் எல்லாருக்கும் அந்தப் பாதம்தான். "இங்க தண்ணி பட்டா எரியலடி" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. அப்படி நிம்மதியான ஒரு முகத்தை அதுவரை அவளிடம் நான் பார்த்ததில்லை.

திரும்புகிற பஸ்ஸில், பொய்யைச் சொன்னபடியே விட்டுவிடு என்று நான் கெஞ்சினேன். அடுத்த முறையும் ஒரு சாமியைத் துணைக்கு இழுக்க வேண்டுமா என்று கேட்டாள். வீட்டில் அவள் வீட்டுக்காரர் ரெண்டு நாளும் பரோட்டா தின்று தெம்பாக இருந்தார், மறுபடி எப்போது போகிறீர்கள் என்று ஆசையாகக் கேட்டார். ஆடுகள் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதில்தான் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்.

அளத்தில் எல்லாருக்கும் விபூதி பிரசாதம் கொடுத்து முடித்தாள். மேஸ்திரி நெற்றியில் பூசிக்கொண்டு, "உன் வேண்டுதல் நல்லபடியா முடிஞ்சுதாம்மா?" என்றார். சொல்லிவிடாதே என்று அவள் முழங்கையை இடித்தேன். அவர் நினைத்தால் நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம், வேறு அளத்திலும் சேர்க்கமாட்டார்கள்.

"உங்க எல்லாரோடதும் செலுத்திட்டேன், அதுல பொய் இல்லீங்க. எனக்கு வேண்டுதல்னு ஒண்ணும் கெடையாது. சும்மா மலைய பாக்கத்தான் போனேன். உக்காந்திருந்தேன், வந்துட்டேன்."

சாமி பெயரில் பொய் சொல்லலாமா என்று மட்டும் கேட்டுவிட்டு மேஸ்திரி போய்விட்டார். வேலையிலிருந்து நிறுத்தவில்லை, ஆனால் உப்புச் சுமந்து வர ரொம்ப தூரமான கடைக்கோடிப் பாத்தியை அவளுக்கு ஒதுக்கினார், முகம் கொடுத்துப் பேசவில்லை. திமிரைப் பார் என்று சிலர் சொன்னார்கள். மாமியார் வாய் அடங்க வேண்டிக்கொண்டவள் மட்டும் தனியாக வந்து, தன் முடிப்பு செல்லுமா செல்லாதா என்று கவலையாகக் கேட்டுவிட்டுப் போனாள்.

இப்போது நான் உப்பளத்துக்குப் போவதில்லை. முட்டிவலி வந்து, மெயின் ரோட்டில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்துவிட்டேன். என் ஓரகத்தி இன்னும் அளத்துக்குப் போகிறாள், வருஷத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு மலைக்கும் போகிறாள். ஜாக்கெட் தைக்க வருகிறவர்கள் தங்களுக்கு ஊரைவிட்டு நகர நேரமே இல்லை என்று சொல்லும்போதெல்லாம், அந்த வருஷம் ஆடிக் காற்று தொடங்கிய ஒரு சாயங்காலம் எனக்கு ஞாபகம் வரும். வேலை முடிந்து நாங்கள் கால் கழுவிக்கொண்டிருந்தோம். அத்தனை நாள் பேசாமலிருந்த மேஸ்திரி கரையோரம் வந்து நின்றார். மண்வெட்டியைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். அங்கே மலையில் ரொம்பக் குளிருமா என்று கேட்டார். ஒரு போர்வை போதும் என்றாள் அவள். தன் முடிப்பும் இதற்காகத்தான், எங்காவது கூட்டிப்போகச் சொல்லித் தன் வீட்டுக்காரி இருபது வருஷமாகக் கேட்கிறாள், ஒரு வழி பிறக்கட்டும் என்றுதான் முடிந்து கொடுத்ததாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மொதலாளி கேப்பாரே, என்னான்னு சொல்லிட்டுப் போறது?" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. "சும்மா போறேன்னு சொல்லுங்க. மொத தடவ சொல்றப்பதான் நாக்கு தடுக்கும்."

மேஸ்திரி அம்பாரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டு, உதட்டை மட்டும் அசைத்து அதைச் சொல்லிப் பார்த்தார்.