வெட்டக் கூடாத சட்டை

எங்கள் வீட்டில் பெரிய கத்தரிக்கோல் சனிக்கிழமை மத்தியானம் மட்டும்தான் வெளியே வரும். மற்ற நாட்களில் அம்மாவின் டிரங்குப் பெட்டிக்குள் பைபிளுக்குப் பக்கத்தில் படுத்திருக்கும். சனிக்கிழமை சாப்பாடு முடிந்ததும் அம்மாவின் சிநேகிதிகள் மூன்று பேர் துணிப்பையோடு வந்துவிடுவார்கள். நாலு பேரும் பாய் விரித்து உட்கார்ந்து, துண்டுத் துணிகளைச் சேர்த்துக் கட்டம் கட்டமாகத் தைப்பார்கள். பன்னிரண்டு கட்டம் சேர்ந்தால் ஒரு ஒட்டுப் போர்வை. ஒன்று முடிந்தால் அடுத்தது இன்னொருத்தி வீட்டுக்கு. கை வேலை செய்ததைவிட வாய் வேலை செய்ததுதான் அதிகம் என்பதால் எந்தப் போர்வையும் சீக்கிரம் முடிந்ததில்லை.

அவர்களுக்குப் பிடித்த கட்டத்துக்கு 'ஷாஃப்ட்' என்று பெயர். நடுவில் சின்னதாக ஒரு கறுப்புச் சதுரம். அதைச் சுற்றி நாலு பக்கமும் பட்டை பட்டையாகத் துணியை வைத்துத் தைத்துக்கொண்டே வெளியே வர வேண்டும். சுரங்கத்தின் வாயில் நின்று கீழே எட்டிப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும் என்பார் அப்பா. அதற்குள் இருபது வருஷம் இறங்கி ஏறியவர். சுரங்கத்தை மூடிய பிறகு தினமும் ரயிலேறிப் பெங்களூருக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போனார். நான் நாலாம் வகுப்புக்கு வந்தபோது அதுவும் முடியாமல் போயிற்று. கல் தூசி நுரையீரலில் தங்கிவிட்டது என்றார்கள். பாத்ரூமுக்குப் போகிற வழியில் மூன்று இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கிறிஸ்துமஸுக்குள் சரியாகிவிடும் என்று என்னிடம் சொல்லியிருந்தார். நான் நம்பினேன்.

எங்கள் லைனில், அதாவது சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் ஒருவர் இறந்தால் அவருடைய துணிகளை வெட்டி ஒட்டுப் போர்வை தைத்து, இருப்பவர்கள் போர்த்திக்கொள்வார்கள். அப்பா அதுவரை காத்திருக்கவில்லை. ஒரு சனிக்கிழமை கட்டிலில் உட்கார்ந்தபடியே தன் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினார்.

"இப்பவே வெட்டிக்கங்க. நான் போனப்புறம்னா அழுதுகினே வெட்டுவீங்க, எல்லாம் கோணலா பூடும்."

சொல்லிவிட்டு அவர் மட்டும்தான் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரம் பிடித்தது. அம்மா கத்தரிக்கோலை எடுக்கவே இல்லை. கோடி வீட்டு அத்தைதான் எடுத்தாள். அந்த மூன்று சிநேகிதிகளில் ஒருத்தி, எங்கள் லைனின் கடைசி வீட்டுக்காரி, அம்மாவைவிடச் சின்னவள், பெங்களூரில் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகிறவள். துணியை அவள் வெட்டினால் நூல் பிசகாது. வெட்டியதை நாலு பங்காகப் பிரித்து, ஆளுக்கொரு மூட்டையாகத் தைக்க எடுத்துப்போனார்கள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. உடம்பு தேறி வேலைக்குப் போகும்போது இந்த மனிதர் எதைப் போட்டுக்கொண்டு போவார்? யாருமே இதை யோசிக்கவில்லை. வாட்ச்மேன் உடுப்பைத் தவிர அன்றாடம் போடுகிற எல்லாச் சட்டையும் பட்டை பட்டையாகப் போய்விட்டது.

அடுத்த வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, மிச்சத் துணிகளுக்கு மேல் அப்பாவின் கல்யாணச் சட்டை, முழுக்கை வெள்ளைச் சட்டை, துவைத்துக் கஞ்சி போட்டு மடித்து வைத்திருந்தது. அன்று வெள்ளிக்கிழமை. மறுநாள் கத்தரிக்கோல் வரும். அம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள். அப்பா கண்மூடிப் படுத்திருந்தார். சட்டையை எடுத்துக்கொண்டு கோடி வீட்டுக்குப் பின்னால் ஓடி, அத்தையின் பழைய கோழிக்கூட்டுக்குள் வைக்கோலுக்கு அடியில் சொருகினேன். கோழிகளை அவள் விற்று ஒரு மாதம் ஆகியிருந்தது. அப்பாவின் உத்தியோகத்தையே காப்பாற்றிவிட்ட நினைப்பு எனக்கு.

மறுநாள் யாரும் சட்டையைத் தேடவில்லை. அன்று காலையிலேயே அப்பாவுக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பன்னிரண்டு நாள் கழித்து அவரைத் திரும்பக் கொண்டுவந்தபோது முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள்.

குளிப்பாட்டி முடித்ததும் அம்மா சட்டையைக் கேட்டாள். அங்கே இங்கே என்று எல்லாரும் புரட்டினார்கள்.

"வெள்ள சட்ட. துணி மேலதான் வெச்சேன். அத வெட்டாதீங்க, பொட்டியில அதோட போறேன்னாரு. அது ஒண்ணுதான் கேட்டாரு" என்று அம்மா வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அது எனக்குத் தெரியாது. அவர் அதைச் சொன்னபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்கிறேன். கூட்டத்துக்குள் நுழைந்து கோழிக்கூட்டுக்கு ஓடினேன். வைக்கோலை விலக்கினால் சட்டையின் முன்பக்கத்தை எலி கடித்துத் தின்றிருந்தது. மிச்சமெல்லாம் மஞ்சள் கறை. அதைத் தொடவும் பயமாக இருந்தது. அப்படியே விட்டுவிட்டுத் திரும்பியபோது, காப்பித் தண்ணீருக்குப் பெரிய குண்டான் எடுக்க வந்த அத்தை தன் வீட்டுப் பின்வாசலில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள், கூட்டைப் பார்த்தாள். நான் ஓடிவந்து அம்மாவுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டேன்.

சற்று நேரத்தில் அத்தை வந்தாள். கையில் குண்டான் இல்லை.

"அக்கா, தேடாதீங்க. நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப மிச்சத் துணி எடுத்தேனே, அதோட என் மூட்டையில வந்துட்டுது. பாக்காம வெட்டிட்டேன்."

"இன்னா சொல்ற?"

"வெட்டிட்டேன்க்கா. அளவு தப்பிப் போச்சுன்னு தூக்கியும் போட்டுட்டேன்."

அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"இத்தினி வருசம் உன்ன கூடவே உக்கார வெச்சிகினேனே. இனி என் வாசப்படி மிதிக்காத."

"தப்புதான்க்கா" என்றாள் அத்தை. என் பக்கம் திரும்பவே இல்லை.

அப்பாவுக்கு வாட்ச்மேன் சட்டையைத்தான் போட்டார்கள். பையின் மேல் தைத்திருந்த கம்பெனிப் பட்டையை மற்ற இரண்டு சிநேகிதிகளும் ஊசியால் பிரித்தெடுத்தார்கள். பிரித்த இடம் மட்டும் வெளுக்காமல் கருநீலமாகத் தெரிந்தது. அப்பாவுக்குக் கடைசியில் நான் கொடுத்து அனுப்பியது அதைத்தான்.

சாயங்காலம் கல்லறையிலிருந்து திரும்பியதும் கூட்டைப் போய்ப் பார்த்தேன். சட்டை இல்லை, வைக்கோலும் இல்லை. மறு சனிக்கிழமை எங்கள் வாசலில் தைத்து முடித்த மூன்று கட்டங்கள் ஒரு பையில் கிடந்தன. அம்மா அவற்றைப் போர்வையில் சேர்த்துத் தைத்தாள், ஆனால் ஆளைச் சேர்க்கவில்லை. அத்தை பிறகு பங்காருபேட்டைக்குக் குடிபோய்விட்டாள். அம்மாவும் மற்ற இருவரும் இன்றைக்கும் சனிக்கிழமைகளில் தைக்கிறார்கள். யார் வீட்டிலாவது துணி காணாமல் போனால் அத்தையின் பேச்சு வரும். நான் இன்னும் வாய் திறக்கவில்லை. இனியும் திறப்பேன் என்று தோன்றவில்லை.

அப்பாவை அடக்கம் பண்ணிய அன்று சாயங்காலம், சர்ச் ஐயர் வந்து வீட்டில் ஜெபம் நடத்தினார். முழங்காலில் நின்ற எனக்கு ஒரே குழப்பம். அத்தை எதையும் வெட்டவில்லை என்று எனக்குத் தெரியும். பொய் சொல்வது பெரிய பாவம் என்று சண்டே ஸ்கூலில் சொல்லிக் கொடுத்ததும் தெரியும். அதுவும் அப்பா படுத்திருந்த வீட்டில், அத்தனை பேர் முன்னால், எதற்காக அப்படி ஒரு பொய்? எனக்கு அவள்மேல் பரிதாபமாகப் போய்விட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, இயேசப்பா, கோடி வீட்டு அத்தை தெரியாமல் பொய் சொல்லிவிட்டாள், அவளை மன்னித்துவிடுங்கள் என்று வேண்டிக்கொண்டேன். எனக்காக எதுவும் கேட்கவில்லை. நான்தான் பொய்யே சொல்லவில்லையே.