சிவப்பு வைனும் வெள்ளைத் துப்பலும்

1. ரியோஹா நல்ல கம்பனி

விம்பிள்டனில் ஸ்பெயின் வைன் மட்டும் விற்கிற ஒரு சின்னக் கடையில் பத்தொன்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். இந்தத் தொழிலுக்கு வரப்போகிற தம்பி தங்கச்சிமாருக்கு நாலு விஷயம் சொல்லிவைக்கலாம் என்று எழுதுகிறேன். புத்திமதி பிடிக்காதவர்கள் கடைசி வரியை மட்டும் வாசித்துவிட்டுப் போகலாம்.

அதற்கு முன்பு டூட்டிங்கில் மச்சானின் ஓஃப் லைசென்ஸ் மதுக்கடையில் நின்றேன். அங்கே வைன் மூன்று வகை. சிவப்பு, வெள்ளை, ஓஃபரில் கிடப்பது. அந்த அனுபவத்தைப் பெரிதாகச் சொல்லித்தான் விம்பிள்டனில் வேலை எடுத்தேன். முதல் நாள் முதலாளி பீட்டர், ஸ்பெயின் வைனைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார்.

“ரியோஹா நல்ல கம்பனி” என்றேன்.

மனுஷன் மேசையில் நெற்றியை வைத்துக்கொண்டார். பிறகு ஒரு ஸ்பெயின் மேப்பைக் கொண்டுவந்து விரித்தார். ரியோஹா கம்பனி இல்லையாம், ஊராம். ரிபேரா டெல் துவேரோ வேறு ஊர். பிரியோராட், ரியாஸ் பைஷாஸ், ஹெரெஸ் எல்லாம் ஊர்கள். போத்தலில் பெரிதாக இருப்பது ஊரின் பெயர். எந்தத் திராட்சை என்பதை நீதான் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்றார்.

அதிலும் ஒரு திருவிளையாடல். ரியோஹாவில் தெம்ப்ரானியோ என்று சொல்கிற அதே திராட்சைக்கு ரிபேராவில் தின்தோ ஃபீனோ என்று பெயர். பீட்டர் இதைச் சொல்லிவிட்டு நான் குழம்புவேன் என்று பார்த்தார். நான் ஏன் குழம்புகிறேன்? எங்கள் ஆட்களுக்கு வீட்டில் ஒரு பெயர், பாஸ்போட்டில் ஒரு பெயர், அசைலம் பேப்பரில் இன்னொரு பெயர். ஆள் ஒன்றுதான். அன்றைக்கே எனக்கு அது விளங்கிவிட்டது.

2. மனப்பாடம்

விளங்காதது ருசி. பீட்டர் ஒரு வாய் எடுத்து, கொப்பளித்து, வாளியில் துப்பிவிட்டு, “லெதர், டுபாக்கோ, காட்டுத் தரை” என்பார். நான் காட்டில் ஒளிந்திருந்து வந்தவன். தரையை நக்கிப் பார்த்ததில்லை.

ஆனால் நாங்கள் யார்? பாஸ் பேப்பரை, அதாவது பழைய கேள்வித்தாளைப் பாடமாக்கி ஏ லெவல் எழுதின ஆட்கள். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பத்தி பாடமாக்கினேன். ரியோஹாவா? வனிலா, தேங்காய், செரிப்பழம். ரியாஸ் பைஷாஸின் வெள்ளைத் திராட்சை அல்பரீனியோவா? எலுமிச்சை, பீச், கடல் உப்பு. கஸ்டமர் போத்தலைத் தொட்டவுடன் தேவாரம் மாதிரி ஒப்புவிப்பேன். குடிப்பேன், துப்புவேன், ஒப்புவிப்பேன். எதை வாயில் வைத்தாலும் நாக்குக்குப் புளி, கசப்பு இரண்டும்தான் தெரிந்தன. ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. பீட்டர் என்னை எக்ஸ்பர்ட் என்று அறிமுகப்படுத்துவார். நானும் வெட்கமில்லாமல் தலையாட்டுவேன்.

வருடத்தில் ஒரு கிழமை மட்டும் வேலைக்குப் போவதில்லை. கந்த சஷ்டி. ஆறு நாளும் பகலில் தண்ணீர் மட்டும், இரவில் பாலும் பழமும். கையில் காப்புக் கட்டிவிட்டு வைன் கடையில் நிற்க மனம் கேட்காது. அந்தக் கிழமைக்கு முன்கூட்டியே லீவு எழுதிவிடுவேன். என்ன காரணம் என்று பீட்டர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. வைன் விற்கிறவன் ஆறு நாள் வைனைத் தொடமாட்டான் என்று முதலாளியிடம் எந்த முகத்தோடு சொல்வது?

3. முருகன் செய்த வேலை

நான் சேர்ந்து பத்து வருடமளவில் கடை வியாபாரம் படுத்துவிட்டது. ஒரு செப்டெம்பரில் பீட்டர் என்னைக் கூப்பிட்டு, ஒரு பெரிய ஓடர் கிடைக்காவிட்டால் ஜனவரிக்குப் பிறகு என்னை வைத்திருக்க முடியாது என்றார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு ஐம்பத்தாறு வயது. வீட்டுக் கடன் இன்னும் ஒன்பது வருடம் இருந்தது. அன்றிரவு நித்திரை இல்லை. பயந்துவிட்டேன், அதை மறைக்க என்ன இருக்கிறது?

எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதானே. இந்த முறை சஷ்டி விரதத்தை இன்னும் கடுமையாகப் பிடிக்கிறேன், இரவில் பாலும் வேண்டாம், பழம் மட்டும், வேலையைக் காப்பாற்று முருகா என்று நேர்ந்துகொண்டேன்.

முருகன் உடனே ஓடரைக் கொண்டுவந்தார். மூன்று ரெஸ்டோரண்ட் நடத்துகிற ஒரு அம்மா வைன் தெரிவு செய்ய வருவதாகச் சொன்னார். எப்போது? சஷ்டி ஐந்தாம் நாள், காலை பதினொரு மணிக்கு. அதோடு நின்றாரா? பீட்டருக்குத் தடிமனையும் கொடுத்தார். மூக்கு முழுதாக அடைத்து, வெங்காயத்துக்கும் வைனுக்கும் வித்தியாசம் தெரியாத நிலை. லீவை ரத்துச் செய்யச் சொல்லிவிட்டு, “டேஸ்டிங்கை நீதான் நடத்த வேண்டும், சிவா. உன் நாக்கை நம்பித்தான் இருக்கிறேன்” என்றார்.

வேலை போகக்கூடாது என்று விரதம். விரதத்தால் வேலை போகப்போகிறது.

மனைவி சாந்தி நான் புலம்பியதை முழுக்கக் கேட்டுவிட்டு, “நீங்கள் துப்புறனீங்கள்தானே? துப்பினால் பிழையோ எண்டு ஐயரைக் கேளுங்கோவன்” என்றாள். நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஐயருக்குப் போன் எடுத்து, தொழில் முறையை விளக்கினேன். வாயில் எடுப்பது, கொப்பளிப்பது, துப்புவது, ஒரு சொட்டும் உள்ளே போகாது.  

“தம்பி, துப்பினால் வெளியில வாறது வைன்தான். போன விரதம் திரும்பி வராது” என்றார் ஐயர்.

சரி, வாயிலேயே எடுக்காமல் நடித்துவிடுவது என்று முடிவெடுத்தேன். கிளாஸை உதட்டுக்குக் கொண்டுபோவது, கன்னத்தை அசைப்பது, சும்மா துப்புவது. வசனம்தான் பாடமாச்சே. முருகனுக்கும் துரோகம் இல்லை, பீட்டருக்கும் நட்டம் இல்லை. கெட்டித்தனம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். மடையன்.

4. ஐந்து கிளாஸ்

அந்த அம்மா சொன்ன நேரத்துக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். பார்த்தவுடனேயே எங்கள் முகம் என்று தெரிந்தது. ஆனால் முகத்தை நம்பித் தமிழில் தொடங்கி, மொரீஷியஸ்காரரிடமும் ஃபிஜிக்காரரிடமும் அசடு வழிந்த அனுபவம் எனக்கு உண்டு. இங்கிலிஷிலேயே வணக்கம் சொன்னேன்.

பீட்டர் ஐந்து போத்தலைத் திறந்து, பார்த்து, எல்லாம் நல்லாயிருக்கு என்று முடிவுசெய்து வரிசையாக ஊற்றி வைத்திருந்தார். அடைத்த மூக்கோடு எப்படி முடிவுசெய்தார் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. ஐந்து நாள் பட்டினியில் தோன்றுவது சோறு மட்டும்தான்.

முதலாவது ஹெரெஸ் ஊர் வெள்ளை வைன், ஃபீனோ. உதட்டில் வைத்து எடுத்தேன். கன்னத்தை அசைத்தேன். வாளியில் துப்பினேன். வசனத்தை விட்டேன். அந்த அம்மா தலையாட்டினார். இரண்டாவது அல்பரீனியோ, அதுவும் அப்படியே. என்னைப் போல நடிகன் இல்லை என்று நெஞ்சு நிமிர்ந்தது.

மூன்றாவது ரியோஹா. கறுத்த சிவப்பு. கிளாஸை உயர்த்தினேன், கன்னத்தை அசைத்தேன், துப்பினேன். “வனிலா, தேங்காய்” என்று தொடங்கும்போது அந்த அம்மா வாளிக்குள் பார்ப்பதைக் கண்டேன். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பிறகு மிக மரியாதையாக, தமிழில் கேட்டார்.

“அண்ணே, சிவப்பு வைன் குடிச்சீங்க. வெள்ளையா துப்புறீங்களே?”

 வெள்ளை வைன் இரண்டும் தப்பவிட்டன. சிவப்பில் மாட்டுவேன் என்று ஏன் ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை? பக்கத்தில் பீட்டர், என்னவோ தொழில் நுட்பம் பேசுகிறார்கள் என்று சிரித்துக்கொண்டு நின்றார்.

அந்த அம்மாவின் பார்வை என் மணிக்கட்டில் இருந்த காப்புக்கு இறங்கியது. “சஷ்டியா?” என்றார்.

“ஓம்” என்றேன். 

“எங்கம்மா நேத்து ஈப்போவுலேர்ந்து போன் பண்ணி, கவிதா விரதம் இருக்கியான்னு கேட்டாங்க. இருக்கேம்மான்னு சொல்லிட்டேன். இப்ப உங்க முன்னாடி மூணாவது கிளாஸ்ல நிக்கிறேன். நம்ம ரெண்டு பேர்ல யாரு பெரிய கள்ளன்னு அப்புறம் பார்க்கலாம்.” கிளாஸை என் பக்கம் தள்ளினார். “வாய் வேணாம்ணே. மூக்கு என்ன சொல்லுதோ அதை மட்டும் சொல்லுங்க. இந்த வனிலா கதையெல்லாம் நானும் புத்தகத்துல படிச்சிருக்கேன்.”

பத்து வருடத் தொழிலில் அதுவரை நான் ஒரு கிளாஸை ஒழுங்காக மணந்து பார்த்ததில்லை என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்கு மணந்தேன். ஐந்து நாள் சாப்பிடாதவனின் மூக்கு நாய் மூக்கு. பக்கத்துக் கடையில் பாணுக்கு பட்டர் பூசுவதே எனக்கு மணந்தது.

திரும்பவும் ஃபீனோவிலிருந்து தொடங்கினேன். அப்பத்துக்குக் கள்ளு விட்டுப் புளிக்க வைத்த மாவைக் காலையில் திறந்தால் எழும்புகிற மணம். அப்படியே சொன்னேன். அந்த வைன் பீப்பாயில் கிடக்கும்போது மேலே ஈஸ்ட் ஆடையாகப் படரும் என்று பீட்டர் நூறு முறை சொல்லியிருக்கிறார். அன்றைக்குத்தான் அது உண்மை என்று தெரிந்தது. அல்பரீனியோ, பச்சை மீனுக்குத் தேசிக்காய் பிழிந்து வைத்த சட்டி. ரியோஹாவில், அட, தேங்காய் உண்மையாகவே இருந்தது. துருவி முடித்த சிரட்டையின் மணம். நான் இத்தனை வருடம் பொய் என்று நினைத்து ஒப்புவித்தது முழுவதும் மெய். கவிதா ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டே வந்தார்.

நாலாவது ரிபேரா. வரிசையில் விலை கூடியது, பீட்டர் இதைத்தான் விற்க ஆசைப்பட்டார். மூக்கை வைத்தேன். மழையில் நனைந்து பின்பக்கத்தில் கிடக்கிற கார்ட்போர்ட் பெட்டி. இன்னொரு முறை வைத்தேன். அதே பெட்டி. தக்கை கெட்டு வைனையும் கெடுத்திருக்கிறது.

சொன்னால், போத்தலைத் திறந்த முதலாளியைக் கஸ்டமருக்கு முன்னால் அவமானப்படுத்துகிறேன். ஓடர் போகும், ஜனவரியில் நானும் போவேன். சொல்லாமல் விட்டால் “பிளக்பெரி, லிக்கரிஸ்” என்று பாடமாக்கினது தயாராக நாக்கில் நிற்கிறது. பீட்டர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். 

“இது கோர்க்ட்” என்று இங்கிலிஷில் சொன்னேன், பீட்டருக்கும் விளங்கட்டும் என்று.

பீட்டரின் முகம் ரியோஹா நிறத்துக்கு வந்தது. திறந்தபோது நன்றாக இருந்தது என்று, அடைத்த மூக்கால் சொன்னார். கவிதா கிளாஸைத் தன் பக்கம் இழுத்து ஒருமுறை மணந்துவிட்டு வைத்தார். வாயில் எடுக்கவில்லை. “அவர் சொல்வது சரி. வந்தவுடனேயே எனக்கு மணந்தது” என்று பீட்டரிடம் சொன்னார். பிறகு என்னிடம், “சொல்லுவீங்களான்னுதான் பார்த்துட்டு இருந்தேண்ணே” என்றார்.

5. நோஸ் வீக்

ரிபேராவில் வேறு போத்தல் திறந்தோம், நன்றாக இருந்தது, இருந்தும் அவர் அதை எடுக்கவில்லை. ஐந்தாவதாக இருந்த பிரியோராட்டும் வேண்டாம் என்றார், தன் ரெஸ்டோரண்ட் சாப்பாட்டுக்கு அது பாரமாம். ஃபீனோ, அல்பரீனியோ, ரியோஹா மூன்றும் மூன்று ரெஸ்டோரண்டுக்கும் எடுத்தார். என் வேலை பிழைத்தது.

அவர் போன பிறகு பீட்டரிடம் முழுவதையும் சொன்னேன். விரதம், காப்பு, லீவு, நடிப்பு, வெள்ளைத் துப்பல். மனுஷன் சிரித்துச் சிரித்து, பிறகு இருமி, கதிரையில் உட்கார்ந்துவிட்டார். இருமல் நின்றதும் ஒன்றுதான் கேட்டார். “அப்போ மற்ற நாட்களில் நீ சொன்னதெல்லாம்?” நான் வாளியைக் கழுவ எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவரும் திரும்பக் கேட்கவில்லை. நல்ல மனுஷன் என்று முதலே எழுதியிருக்க வேண்டும்.

அடுத்த வருடத்திலிருந்து கவிதா சஷ்டிக் கிழமையில்தான் வந்தார். பீட்டர் கடைக் கலண்டரில் அந்த ஆறு நாளுக்கும் சிவப்பு மையால் “சிவாவின் நோஸ் வீக்” என்று எழுதிவைப்பார். ஒன்பது வருடம் லீவு எடுத்த கிழமையில், நான் ஓய்வு பெறும் வரைக்கும் ஒரு நாள் லீவு கிடைக்கவில்லை. நேர்த்தியை முருகன் நிறைவேற்றினார், ஆனால் கொஞ்சம் நக்கலோடு.

நான் படித்தது இவ்வளவுதான். ஸ்பெயினில் எத்தனை ஊர் இருந்தாலும் எல்லாம் உன் மூக்குக்கு ஏற்கெனவே தெரிந்த மணங்கள்தான், அதை உன் வீட்டுப் பெயரால் சொல்லப் பழகு. கெட்டதைக் கெட்டது என்று சொல். வாயில் எடுக்காததைத் துப்பாதே.