நான் நிறுத்திய ரத்தப் பொரியல்

நைனா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவர் தொடையில் புற்றுநோய்க் கட்டி வந்தபோது நான் கல்லூரியில் விலங்கியல் இரண்டாம் ஆண்டு. எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் மருத்துவமனைச் சீட்டு, மாத்திரை, டாக்டரிடம் பேச்சு எல்லாம் என் கைக்கு வந்தன. எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றுவார்கள். அதற்கு முன் ரத்தம் எடுத்துப் பார்த்து, அளவு குறைந்திருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அம்மா விடியலிலேயே புளியந்தோப்புக்குப் போய் ஆட்டு ரத்தமும் மண்ணீரலும் வாங்கி வந்து, வெங்காயம் போட்டுப் பொரித்துக் கொடுப்பாள். எங்கள் ராயபுரத்தில் ரத்தம் போதாதவர்களுக்கு அதுதான் வைத்தியம்.

கல்லூரி நூலகத்தில் ஒரு கட்டுரை கிடைத்தது. புற்றுநோய்க் கட்டி தனக்கென்று புது ரத்தக் குழாய்களை வளர்த்து, ரத்தத்தை இழுத்துத்தான் பெரிதாகிறதாம். அரைப் பக்கத்துக்கு மேல் ஆங்கிலம் ஓடவில்லை. வீட்டுக்கு வந்து சட்டியை இறக்கச் சொன்னேன்.

“ரத்தம் துன்னா கட்டிக்குத்தாம்மா தீனி.”

அம்மா நம்பாமல் பார்த்தாள். நைனாதான் அவளை அடக்கினார். “படிச்ச புள்ள சொல்லுது, நீ இன்னா மொறைக்கிற? கட்டி கறி துன்னும், நான் படுத்துகினு பாக்கணுமா?”

அடுத்த இரண்டு முறையும் ரத்தம் போதவில்லையென்று திருப்பி அனுப்பினார்கள். கட்டி தேங்காய் அளவுக்கு வீங்கியது. பிறகு மருந்து ஏற்றியும் கரையவில்லை.

டாக்டர் என்னை மட்டும் உள்ளே அழைத்தார். கட்டியின் குழாய்கள் ஒழுங்காக வளராதவை, கோணல்மாணலாக ஓடி ஒழுகுபவை என்றார். ஒழுகுவதால் உள்ளே அழுத்தம் ஏறி, மருந்து ஓரத்தோடு நின்றுவிடும். நடுவே போய்ச் சேருவதே கஷ்டம், அதில் தவணையும் தள்ளிப்போனால் கட்டிக்குத்தான் லாபம். சாப்பாட்டில் எதையாவது நிறுத்தினீர்களா என்று கேட்டார். வயிற்றுக்குள் போவதெல்லாம், ரத்தமே ஆனாலும், செரித்துத்தான் உடம்பில் சேரும் என்று பத்தாம் வகுப்பிலேயே எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான்.

இல்லை என்றேன்.

வெளியே பெஞ்சில் இருந்த அம்மா எழுந்து வந்தாள். “இன்னாவாம்?”

“கட்டியில கொழாய் சரியில்லியாம். மருந்து உள்ள போவலியாம்.”

அதில் பொய் எதுவும் இல்லை.

இரண்டு மாதத்தில் நைனாவை மூலக்கொத்தளத்தில் புதைத்தோம். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா ஒன்றையே சொன்னாள்.

“எம்பொண்ணு இன்னா சொல்லுச்சோ அதான் செஞ்சோம். ஒரு கொறை வெக்கல.”

அவர்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.