வெயில் காலத்து ஜெர்கின்

நான் ஜவுளிக்கடையில் வேலை செய்கிறவள். கடை திறந்ததிலிருந்து சாத்தும் வரை நின்றுகொண்டே புடவையைப் பிரித்துக் காட்டுவேன், மறுபடி மடித்து வைப்பேன். துணியைத் தொட்டாலே எத்தனை துவைப்புக்குத் தாங்கும் என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட எனக்கு, ஓடும்போது என்ன உடுத்துவது என்று முடிவு செய்ய ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

சர்க்கரை வந்துவிட்டது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடை எனக்கு ஒத்துவரவில்லை. நடக்கிறவளை ஊரே நிறுத்தி விசாரிக்கிறது: எங்க போற, யாருக்கு என்ன, மாப்பிள்ளை வரலையா. ஓடுகிறவளை யாரும் நிறுத்த முடியாது என்று ஓட ஆரம்பித்தேன். முதல் நாள் சுடிதார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பஸ் கடந்த வேகத்தில் துப்பட்டா பறந்து முகத்தை மூடிக்கொண்டது. மறுநாள் வீட்டுக்காரரின் டிராக் பேன்ட். டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒருவர், "இன்னாம்மா, பஸ்ஸ வுட்டுட்டியா?" என்று கேட்டார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். வானத்தைப் பார்த்து உடுத்துவது சுலபம். தெருவையும் பார்த்து உடுத்த வேண்டியிருப்பதுதான் எரிச்சல். சாலையை விட்டுவிட்டு உப்பளத்து வரப்புகளுக்குப் போனேன்.

அங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை. வெயில் மட்டும் கேட்காமலே அடிக்கும். உப்பளத்தில் வெயில் மேலே இருந்து வருவது பாதி, பாத்தித் தண்ணீரில் பட்டுக் கீழே இருந்து வருவது பாதி. தொப்பி போட்டாலும் தாடைக்கு அடியில் தோல் உரியும். வெள்ளைச் சட்டை போட்டால் என் சட்டையே என் கண்ணைக் கூசியது. கடைசியில் வீட்டுக்காரரின் பழைய பருத்திச் சட்டை, வெளிறிய பச்சை, முழுக்கை, காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு ஓடினேன். அதுதான் சரியாக வந்தது. வீடு திரும்பும்போது முதுகில் வெள்ளைக் கோடுகள் இருக்கும். என் வியர்வை உப்பா, காற்றில் வந்த உப்பா என்று தெரியாது.

ஐப்பசியில் மழை பிடித்தது. நனைந்த பருத்தி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அந்தக் கோலத்தில் தெருவழியே வீட்டுக்கு வர முடியாது. வாரச் சந்தையில் பழைய துணியைக் குவித்துப் போட்டு விற்பார்கள். வீடு வீடாகப் போய்ப் பழந்துணிக்குப் பிளாஸ்டிக் பக்கெட் கொடுக்கிறவர்கள் கொண்டுவந்து கொட்டுகிற குவியல் அது. அதில் ஒரு ஆம்பிளை ஜெர்கின் கிடைத்தது. கருநீலம், முதுகில் மஞ்சள் பட்டை, தலையை மூடத் தொப்பி. இடது தோளில் கிழிசலை யாரோ வலை பின்னும் பச்சை நைலான் நூலால் தைத்திருந்தார்கள். ஜெர்கினுக்கு வலை நூலா என்று அந்த ஆளை மனதுக்குள் திட்டினேன். ஆனால் தையல் இறுக்கமாக இருந்தது. தொப்பியைப் போட்டுக்கொண்டால் தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு நான் ஆம்பிளையாகத்தான் தெரிவேன். தனியாக ஓடுகிற பெண்ணுக்கு அதைவிட நல்ல துணி கிடையாது. அதற்காகவே வாங்கினேன்.

போட்டுக் காட்டியபோது வீட்டுக்காரர் சிரித்தார். "இதுக்குள்ள ரெண்டு ஆள் பூந்துக்கலாம் போலக்குதே."

மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. பாத்தி எல்லாம் சேர்ந்து ஒரே தண்ணீராகக் கிடக்கும், நடுவில் வரப்பு மட்டும் தெரியும். மழை இருட்டில் விடிந்தும் விடியாத மாதிரி இருக்கும் அந்தக் காலை நேரத்தில் ஒரு ஆள் அங்கே நிற்க எந்தக் காரணமும் இல்லை. ஆனால் ஒரு உருவம் நின்றது. தண்ணீருக்கு அந்தப் பக்கம், மோட்டார் கொட்டகை வாசலில். முதல் நாள், வெளிக்குப் போக வந்த ஆள் என்று தலையைத் திருப்பிக்கொண்டேன். அடுத்த மழை நாளிலும் அதே இடத்தில் நின்றது. நான் வரப்பில் ஓட ஓட, அது நின்ற இடத்திலேயே மெதுவாகத் திரும்பி என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

நடுவில் சில நாள் மழை விட்டது. பச்சைச் சட்டையில் ஓடினேன். கொட்டகை வாசலில் யாரும் இல்லை. மறுபடி மழை, மறுபடி ஜெர்கின், மறுபடி அது. மார்கழியில் பனி இறங்கியது. குளிருக்கு ஜெர்கினைத்தான் போட்டேன். பனிக்குள் கொட்டகையே தெரியவில்லை, ஆனால் அது தெரிந்தது. இந்த முறை கொட்டகையை விட்டு இறங்கித் தண்ணீர் ஓரத்துக்கு வந்திருந்தது. ஈரமான நாளில்தான் இது வருகிறது என்று முடிவு கட்டினேன். எனக்குப் பயம் வந்துவிட்டது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? வீட்டில் சொன்னேன். "மோகினின்னா என்னத் தேடி இல்ல வரணும், உன்ன எதுக்குத் தேடுது?" என்றார் அவர். அவருக்கு எல்லாம் தமாஷ்.

ஒரு நாள் ஜெர்கின் துவைத்துப் போட்டது காயவில்லை. ஸ்வெட்டரோடு போனேன். அதே நேரம், அதே பனி, கொட்டகை தெரிகிற அளவுக்கு மட்டும் மெலிந்திருந்தது. வாசலில் யாரும் நிற்கவில்லை. எனக்கு அப்பாடா என்று இருந்தது. கொட்டகைக்கு நேராக வரும்போது எதற்கோ உள்ளே பார்த்தேன். இருட்டுக்குள்ளிருந்து இரண்டு பாதங்கள் வாசல்வரை நீண்டிருந்தன. உட்கார்ந்திருக்கிற ஒரு ஆளின் பாதங்கள். அவை அசையவே இல்லை.

அப்போதுதான் புரிந்தது. அது மழைக்கு வரவில்லை, பனிக்கும் வரவில்லை. அது எப்போதும் அங்கேதான் இருந்திருக்கிறது. ஜெர்கினைப் பார்த்தால்தான் எழுந்திருக்கிறது. அன்று எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

ஒரு வாரம் போகவில்லை. பிறகு என் மேலேயே கோபம் வந்தது. தை பிறந்து, வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்த ஒரு காலையில், வேண்டுமென்றே ஜெர்கினைப் போட்டுக்கொண்டு போனேன். கொட்டகைக்குள்ளிருந்து அது எழுந்து வந்தது. நான் நின்றேன்.

"நிக்காத! ஓடு!"

பெண் குரல். குறுக்கு வரப்பில் ஏறி அவள் பக்கம் நடந்தேன். உப்பளத்தில் வேலை செய்கிற பெண்கள் போடுகிற மாதிரி புடவைமேல் ஆம்பிளைச் சட்டை. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நான் நெருங்க நெருங்க அவள் பின்னால் போனாள். கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

"கிட்ட வராதம்மா. கிட்ட வந்தா நீயா பூடுற."

"யாருக்கா நீங்க? எதுக்கு என்னையே பாத்துட்டு நிக்கிறீங்க?"

அவள் கையை எடுக்காமல் விரல் இடுக்கால் என் தோளைப் பார்த்தாள். "அந்தத் தையலு நான் போட்டது" என்றாள்.

அவள் மகன் போலீஸ் வேலைக்காக இந்த வரப்பில்தான் தினமும் ஓடிப் பழகியிருக்கிறான். அவள் பாத்தித் தரை இறுகக் காலால் மிதித்துக்கொண்டே பார்ப்பாளாம். ஒரு நாள் மாமனோடு படகில் போனான். மாமன் கரை வந்தார். அவன் வரவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை. "மழ மப்பே இல்லம்மா அன்னிக்கி. வெயிலடிக்கிது, இது என்னாத்துக்குன்னு கழட்டிக் கொடியில போட்டுட்டுப் போனான். நான் அத்தப் பாத்துப் பாத்து அழுவுறேன்னு எங்க வூட்டுக்காரரு எல்லாத் துணியையும் பக்கெட்டுக்குப் போட்டுட்டாரு. கேட்டதுக்கு, அவனே பூட்டான், துணி இன்னாத்துக்குன்றாரு."

நான் ஜெர்கினைக் கழற்றி நீட்டினேன். அவள் பதறிப்போய் இன்னும் நாலு அடி பின்னால் போனாள்.

"வேணாம்! கையில வாங்கினா அது வெறும் சட்ட. நீ மாட்டிக்கினு அந்தக் கரையில ஓடினாத்தான் எம்புள்ள. தொப்பியப் போட்டுக்கோ. போம்மா. திரும்பிப் பாக்காத."

போட்டுக்கொண்டு ஓடினேன். வேறென்ன செய்வது? அன்றிலிருந்து தினமும் ஜெர்கின்தான். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அவள் கண் முதுகில் பட்டதும் என் ஓட்டம் மாறிவிடும். கையை அகலமாக வீசுவேன், காலை எட்டிப் போடுவேன். எனக்கு அப்படி ஓட யாரும் சொல்லித் தரவில்லை. கொட்டகை கடந்ததும் என் பழைய ஓட்டம் வந்துவிடும்.

மாசி போனது. பங்குனியில் பாத்திகளில் உப்பு விளைந்து, வரப்போரம் குவியல் குவியலாக ஏறியது. விடியும்போதே காற்று சுட்டது. வேலைக்கு வந்த பெண் ஒருத்தி, "இன்னா மேடம், ஊட்டிக்கா போறீங்க?" என்று கேட்டாள். அவள் மேல் எரிந்து விழுந்தேன். துணியைப் பற்றி ஊருக்கே வகுப்பெடுக்கிற நான், காற்று புகாத ஒரு ஜெர்கினுக்குள் வெந்துகொண்டிருந்தேன். வியர்வை வழிந்து ஷூவுக்குள் சளக் சளக் என்றது. சித்திரையில் ஒரு நாள் கண் இருட்டி வரப்பிலேயே விழுந்தேன். முழங்கால் காயத்தில் உப்புத் தண்ணீர் பட்டதும் உயிர் போனது.

டாக்டர் கத்தினார். வீட்டுக்காரர் முதல் தடவையாகச் சிரிக்காமல் பேசினார். "இன்னொரு வாட்டி வுழுந்தா யாரு தூக்கியாருவாங்க? அந்தச் சனியன வுட்டுடு."

விடத்தான் வேண்டும். எனக்கும் உயிர் ஒன்றுதான். ஆனால் நான் கழற்றிவிட்டால் அவள் மகன் இரண்டாம் தடவை போவான். அதுவும் முதல் தடவை மாதிரியே, வெயிலாக இருக்கிறது என்று ஜெர்கினைக் கொடியில் விட்டுவிட்டு. அந்த நினைப்பு வந்த பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அவளிடம் முன்னாலேயே சொல்லிவிடலாம் என்றால், கிட்ட வராதே என்கிறாள்.

ஒரு காலையில் ஜெர்கினைக் கொடியில் போட்டுவிட்டு, பச்சைச் சட்டையில் போனேன். காற்று சட்டைக்குள் புகுந்து வெளியே போனது. உடம்புக்கு எவ்வளவு சுகமாக இருந்ததோ அவ்வளவு குற்றமாகவும் இருந்தது. கொட்டகை நெருங்கியது. இன்று எழுந்திருக்க மாட்டாள், பாதம் மட்டும்தான் தெரியும், பார்க்காமல் போய்விடு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அவள் எழுந்து வந்தாள். தண்ணீர் ஓரம்வரை வந்து நின்றாள். என் முகம் நன்றாகத் தெரிந்திருக்கும், வெளிச்சம் அவ்வளவு இருந்தது. மன்னிச்சுக்கக்கா என்று சொல்ல வேகத்தைக் குறைத்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

நான் அவளைக் கடந்தேன். அவள் தலை என்னோடு திரும்பவில்லை. பின்னால் ஒரு ஆள் ஓடி வந்து சேர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அப்படியே இருந்தது. பிறகு மெதுவாகத் திரும்ப ஆரம்பித்தது.

"நிக்காத கண்ணு, ஓடு" என்றாள். அந்தக் குரலில் அவள் என்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் காலடிச் சத்தம் மட்டும்தான் கேட்டது என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன். வரப்பு கடற்கரைப் பக்கம் முட்டி நிற்கும். வந்த வழியேதான் திரும்ப வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு திரும்பினேன். ஒரு ஆள் அகலம்தான் அந்த வரப்பு. பாதி தூரத்தில், எதிரே யாருமே இல்லாத இடத்தில், என் ஒரு கால் தானாக ஒதுங்கிப் பாத்தித் தண்ணீருக்குள் இறங்கியது. ஒரு மூச்சு நேரம் நின்றுவிட்டு மறுபடி ஏறினேன்.

இப்போது வெயிலுக்குப் பருத்திச் சட்டைதான். சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிறது. அவள் தினமும் எழுந்து வருகிறாள், சிரிக்கிறாள்.

போன வாரம் வீட்டுக்காரர் என் ஷூவை வெயிலில் காய வைத்துக்கொண்டே கேட்டார்.

"மழையே இல்ல, டெய்லி ஒரு ஷூ மட்டும் எப்படி நனையுது?"

"வழி வுட்டேன்" என்றேன்.